முதுகில் ஒரு தராசு

கோடை விடுமுறை தொடங்கியதும் ஈரோடு, கோவை, மதுரை, தேனிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளில் 5 லிட்டர் எண்ணெய்க் கேனுக்குக் கிராக்கி வந்துவிடும். எண்ணெய் தீர்ந்த கேனை வெந்நீர் விட்டுக் கழுவி, மூடியை இறுக்கித் திருகி, குழந்தையின் முதுகில் வைத்துக் கயிற்றாலோ துண்டாலோ கட்டுவார்கள். அப்பாவோ மாமாவோ இடுப்பளவு தண்ணீரில் படியில் நின்றுகொண்டு, "கையை முன்னாடி நீட்டு, காலை அடி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆறேழு வயதுக் குழந்தை முதல் நாள் அலறும். சில நாளில், கரையேறச் சொன்னால் அழும்.

கேனுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது சுரைக்குடுக்கை. முற்றிய சுரைக்காயைக் கொடியிலேயே காயவிட்டால் சதை சுருங்கி, குலுக்கினால் விதை மட்டும் கலகலக்கும் வெற்றுக் கூடாகிவிடும். இரண்டு குடுக்கைகளைக் கயிற்றில் பிணைத்து முதுகில் கட்டினால் போதும். வாழைமரத் துண்டைப் பிடித்துக்கொண்டு காலடித்துப் பழகியவர்கள் உண்டு. அதன் மட்டைகளுக்குள் வரிசை வரிசையாகக் காற்றறைகள் இருக்கின்றன. பிறகு லாரி டியூப் வந்தது. நகரத்து நீச்சல் குளங்களில் இன்று நுரைப் பலகை, கையில் மாட்டும் காற்றுப் பை, இடுப்புப் பட்டை என்று கடை நிறைய இருக்கிறது. எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்: தப்பித்துப் போக முடியாமல் அடைபட்ட காற்று.

அந்தக் காற்று எதைத் தூக்குகிறது என்று கேட்டால், "குழந்தையைத்தான்" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

தண்ணீரில் இறங்கும் எந்தப் பொருளும் தன் அமிழ்ந்த பகுதியின் பருமனுக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது. விலக்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையால் மேலே தள்ளப்படுகிறது. 2,200 ஆண்டுகளுக்கு முன் ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி இது. 20 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். அதன் உடலில் கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. தசை கொஞ்சம் கனம். கெட்டியான எலும்பு தண்ணீரைப் போல் இரண்டு மடங்கு அளவுக்குக் கனம். இவற்றோடு நெஞ்சுக்கூட்டில் இரண்டு பைகள் நிறையக் காற்று. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் அந்த உடலின் பருமன் ஏறத்தாழ 20 லிட்டர். ஆகவே முழுக்க மூழ்கிய குழந்தையின் எடை தண்ணீருக்குள் கிட்டத்தட்ட சுழியம்! மூச்சை இழுத்து நிறைத்தால் சில நூறு கிராம் இலேசாகி மேலே வரும். முழுக்க விட்டால் சில நூறு கிராம் கனமாகிக் கீழே போகும். ஆறு வயதுக் குழந்தை ஆழ இழுக்கும் ஒரு மூச்சு ஒரு லிட்டர் அளவுக்கு இருக்கும். மிதப்பதும் அமிழ்வதும் அந்த ஒரு லிட்டருக்குள் நடக்கும் விவகாரம்.

பிறகு 5 லிட்டர் கேன் எதற்கு?

தலைக்கு. ஆறு வயதுக் குழந்தையின் தலை மூன்று, மூன்றரை கிலோ இருக்கும். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலைதான்; வளர வளரத்தான் அந்த விகிதம் குறைந்து, பெரியவர்களிடம் எட்டில் ஒரு பங்காகிறது. தலை தண்ணீருக்குள் இருக்கும்வரை தண்ணீரே அதைச் சுமக்கிறது. வெளியே தூக்கிய கணத்தில் அந்த மூன்று கிலோவும் திரும்ப வந்துவிடுகிறது. பயந்த குழந்தை தலையை மட்டுமா தூக்கும்? இரண்டு கையையும் மேலே வீசும். ஒரு கைக்கு ஒரு கிலோ வைத்தாலும் இன்னும் இரண்டு கிலோ. ஆக 5 கிலோ. எண்ணெய்க் கம்பெனிக்காரர் நம் குழந்தையை நினைத்துக் கேன் அளவைத் தீர்மானித்திருக்க மாட்டார். ஆனாலும் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. குழந்தையின் உடலைத் தண்ணீரே ஏந்திக்கொள்கிறது. அது பயத்தில் வெளியே தூக்கும் உறுப்புகளின் எடையைத்தான் கேன் ஏற்றுக்கொள்கிறது.

இந்த இடத்தில்தான் அந்தச் சாதாரணக் கேன் எனக்குப் பெரிய வியப்பாகிறது. 5 லிட்டர் கேன் எப்போதும் 5 கிலோ விசையால் இழுத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தால் தவறு. அது எவ்வளவு அமிழ்கிறதோ அவ்வளவுதான் தூக்கும். குழந்தைக்கு ஒரு கிலோ தேவைப்பட்டால் கேன் ஒரு லிட்டர் அளவுக்கு அமிழும், மிச்சம் வெளியே தெரியும். மூன்று கிலோ தேவைப்பட்டால் மூன்று லிட்டர் அமிழும். கேட்டதைக் கேட்ட அளவுக்கு மட்டும் கொடுக்கும். ஆகவே கேனில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே, அந்தக் கணத்தில் குழந்தை எவ்வளவு எடையைத் தண்ணீரிடம் ஒப்படைக்காமல் தன்னிடமே வைத்திருக்கிறது என்று படித்துவிடலாம். முதுகில் கட்டியிருப்பது ஒரு தராசு.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனித்தால் அது பேசுவது கேட்கும். குழந்தை அலறிக்கொண்டு கழுத்தை நீட்டும்போது கேன் முக்கால்வாசி அமிழ்ந்திருக்கும். அப்பா கையைப் பிடித்துப் பேச்சுக் கொடுத்ததும் தோள் தளர்ந்து, கை தண்ணீருக்குள் வந்து, கேன் ஒரு விரற்கடை மேலே வரும். தாடை தண்ணீரைத் தொடும்போது இன்னும் கொஞ்சம். மூச்சு இழுக்கும்போது ஏறும், விடும்போது இறங்கும். காலை ஒழுங்காக அடிக்கத் தொடங்கினால் அந்த உந்துதலும் உடலைத் தூக்குவதால் கேன் இன்னும் உயரும். முகத்தைத் தண்ணீரில் வைத்து நீளப் படுக்கத் துணிந்த நாளில் கேன் கிட்டத்தட்ட முழுசாக வெளியே, முதுகின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அதன் பிறகு கேன் சுமக்கவில்லை. குழந்தைதான் கேனைச் சுமக்கிறது. எந்தக் கேனும் கட்டாமல் வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துக் கற்றுத்தரும் தாத்தாக்கள் இதே எடையைக் கையாலேயே உணர்ந்துவிடுவார்கள். கை நிறைய அழுத்திய உடல் சில நாளில் இரண்டு விரலுக்கு அடங்கிவிடும். அப்போதுதான் கையை மெல்ல விலக்குவார்கள்.

எவ்வளவு தூக்குகிறது என்பது பாதிக் கதை. எங்கே தூக்குகிறது என்பதுதான் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

மிதக்கும் உடலில் இரண்டு புள்ளிகள் உண்டு. ஒன்று உடலின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் ஈர்ப்பு மையம். அது தொப்புளை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. மற்றொன்று தண்ணீர் மேலே தள்ளும் விசை குவியும் மிதப்பு மையம். நுரையீரலில் காற்று இருப்பதால் அது நெஞ்சுப் பக்கம் இருக்கிறது. இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் வரும்வரை உடல் சுழன்றுகொண்டே இருக்கும். அதனால்தான் சும்மா படுத்தால் நெஞ்சு மிதக்க, கால் மெல்லக் கீழே போகிறது. தலையை நிமிர்த்தினால் கால் இன்னும் வேகமாக இறங்கும். நீந்தக் கற்பது என்பதில் பெரும் பகுதி, இந்த இரண்டு புள்ளிகளையும் படுத்த நிலையில் சமாதானப்படுத்துவதுதான்.

கேனையோ சுரைக்குடுக்கையையோ முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே கட்டுகிறோம். மிதப்பு மையம் நெஞ்சிலிருந்து பின்னோக்கி நகர்ந்து, இறங்கப் பார்க்கும் இடுப்புக்கு அருகில் வருகிறது. குழந்தை நட்டமாக நிற்க முயன்றால் கேன் மேலே வரத் துடித்து, அதை முன்னால் சாய்த்துப் படுக்கவைத்துவிடும். வேறு வழியில்லாமல் குழந்தை நீந்துபவரின் கிடையிலேயே இருக்கிறது. கையும் காலும் அந்தக் கிடைக்குத்தான் பழகுகின்றன. கயிறு தளர்ந்து கேன் பிடரிக்கு நகர்ந்தால் எல்லாம் கெட்டுப்போகும். கால் தொங்கும், தலை நெருக்கப்படும். கட்டும் இடத்தில் ஒரு சாண் வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

கையில் மாட்டும் காற்றுப் பை இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. மேல்கையில், தோளுக்குப் பக்கத்தில் தூக்குவதால் மிதப்பு மையம் இன்னும் மேலே போகிறது. உடல் கைப்பிடியில் மாட்டியதுபோல் நட்டமாகத் தொங்குகிறது. முகம் காய்ந்திருக்கும். குழந்தை சிரிக்கும். பெற்றோருக்கும் நிம்மதி. ஆனால் கால் படியேறுவதுபோல் மிதிக்கிறது. கை பக்கவாட்டில் தண்ணீரை அமுக்குகிறது.

இந்த நட்டமான நிலையை வேறொரு இடத்தில் பார்த்து எழுதிவைத்தவர் பிரான்செஸ்கோ பியா. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்தவர். 1970களில், நீரில் தத்தளித்தவர்களை மீட்ட காட்சிகளைப் படமெடுத்து, மூழ்குபவரின் உடல் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். மூழ்குபவர் கத்துவதில்லை, மூச்சுக்கே வாய் போதாதபோது குரலுக்கு இடமில்லை. கையை ஆட்டி அழைப்பதும் இல்லை. உடல் நட்டமாக நிற்க, தலை பின்னால் சாய, கைகள் இருபுறமும் தண்ணீரைக் கீழே அமுக்க, கால் உதைக்காமல் தொங்கும். இப்படி 20 முதல் 60 வினாடி. அதற்குள் யாரும் எட்டாவிட்டால் தலை உள்ளே போய்விடும். பக்கத்திலேயே நிற்கும் பெரியவர் ஒன்றும் நடக்காததுபோல் பேசிக்கொண்டிருப்பது இதனால்தான்.

காற்றுப் பையோடு மணிக்கணக்கில் விளையாடும் குழந்தை, தண்ணீர் என்றாலே இந்த நிலைதான் என்று உடம்பில் எழுதிக்கொள்கிறது. அது தன்னால்தான் மிதக்கிறோம் என்றும் நம்புகிறது. பையைக் கழற்றிவைத்த பிறகு, அது இல்லை என்பதையே மறந்து குதித்துவிடும் குழந்தைகளைப் பற்றி நீச்சல் ஆசிரியர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். கையை நேராக உயர்த்திக் குதித்தால் பை கழன்றும் போகலாம்.

இதைச் சொல்லும்போது அந்தப் பையைச் செய்தவருக்கு அநியாயம் செய்துவிடக் கூடாது. ஜெர்மனியின் ஹாம்பர்கைச் சேர்ந்த பெர்ன்ஹார்டு மார்க்விட்ஸின் மூன்று வயது மகள் 1956இல் மீன் குளத்தில் விழுந்து, சாவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்டாள். அன்றைக்குக் குழந்தைகள் இடுப்பில் போட்டுக்கொண்ட வளையங்கள் கவிழ்ந்தால் காலைத்தான் மேலே வைக்கும். குழந்தையின் தலை கண்டிப்பாக வெளியே இருக்க வேண்டும் என்ற ஒரே தவிப்பில் அவர் இரு கைக்கும் பை செய்தார். 1964இல் அது கடைக்கு வந்தது. விழுந்த குழந்தையின் முகத்தை வெளியே வைக்கப் பிறந்த பொருள் அது. நீந்தக் கற்றுத்தரும் வேலையை நாம்தான் அதன் தலையில் கட்டினோம்.

முகத்தை வெளியே வைப்பதும் நீந்தப் பழக்குவதும் இருவேறு வேலைகள். லைஃப் ஜாக்கெட்டைப் பாருங்கள். அதில் நுரை பெரும்பாலும் நெஞ்சிலும் கழுத்துக்குப் பின்னாலும் இருக்கும். மயங்கியவரையும் மல்லாக்கத் திருப்ப வேண்டும் என்பதற்காக நல்ல ஜாக்கெட்டுகளை அப்படி அமைக்கிறார்கள். (இரண்டாம் உலகப் போர்க்கால ஜாக்கெட்டுகளில் நுரைக்குப் பதில் இலவம் பஞ்சு இருந்தது. போடிப் பக்கத்து மெத்தைக் கடைகளில் கிடைக்கும் அதே பஞ்சு! ஒவ்வொரு இழையும் மெழுகு பூசிய, காற்றடைத்த குழாய்.) அதை மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்து நீந்துவது கஷ்டம். முதுகுக் கேன் சரியாக எதிர்த்திசையில் வேலை செய்கிறது: நீந்துவதற்கு அருமை, ஆனால் களைத்துத் தலை தொங்கிய குழந்தையை அது குப்புறவே வைத்திருக்கும். மல்லாந்து மூச்சு வாங்கலாம் என்று புரண்டால் கேன் அடியில் போய், மறுபடி கவிழ்த்துவிடும். குழந்தை மிதந்துகொண்டுதான் இருக்கும், முகம் மட்டும் உள்ளே இருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

ஆகவே கேன் கட்டிய குழந்தைக்குக் கையெட்டும் தூரத்தில், நீந்தத் தெரிந்த ஒரு பெரியவர் தண்ணீருக்குள் இருந்தே ஆக வேண்டும். கிணற்று மேட்டில் நின்று பார்ப்பது பார்ப்பதாகாது. பத்து வயது அண்ணன் பெரியவர் ஆக மாட்டான். நம் ஊரில் ஒவ்வொரு கோடையிலும் கிணற்றிலும் குட்டையிலும் கல்குவாரியிலும் குழந்தைகள் போவதைப் படிக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி நீரில் மூழ்கி இறப்பவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர். மூடியையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கேன் ஒரே அறை. மூடி தளர்ந்தால் உள்ளே இறங்கும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் ஒரு கிலோ தாங்கல் போய்விடும். குடுக்கையில் கீறல் விழுந்தாலும் அதே கதி. நுரைப் பலகையில் காற்று ஆயிரக்கணக்கான தனித்தனிக் குமிழிகளில் அடைபட்டிருப்பதால், ஓரம் பிய்ந்தாலும் அந்த ஓரத்துக் காற்றுதான் போகும். வாங்க முடிந்தவர்கள் நுரையையே வாங்கலாம் என்பது என் கட்சி. கழுத்தில் மாட்டிக் கைக்குழந்தையைத் தண்ணீரில் விடும் வளையத்தை மட்டும் யாரும் தொடவே வேண்டாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் அதை எதிர்த்து எச்சரிக்கை விட்டது.

எந்த மிதவையும் வேண்டாம் என்று முடிவெடுத்தவரும் ஒருவர் இருந்தார். ஜேம்ஸ் மெக்மில்லன், பொறியாளர். 1949இல் லண்டனில் ஹாலிவிக் என்ற பள்ளியில், கைகால் இயக்கக் குறைபாடுள்ள சிறுமிகளுக்கு நீச்சல் சொல்லித்தரப் போனார். கப்பல் ஏன் கவிழ்கிறது, எப்படி நிமிர்கிறது என்ற கணக்கை மனித உடலுக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு கால் சூம்பிய உடலில் இரண்டு மையங்களும் நேர்க்கோட்டில் வராமல் உடல் ஒரு பக்கம் உருளும். மிதவை கட்டினால் உருள்வது நின்றுவிடும். ஆனால் உருள்வதை அடக்கும் வித்தை அந்தச் சிறுமிக்கு ஒருநாளும் வராது. ஒவ்வொருவருக்கும் ஒரு துணையை நீரில் இறக்கி, உருண்டு, நிமிர்ந்து, மூச்சுவிட்டு, தன் உடலின் சமநிலையைத் தானே கண்டுகொள்ளப் பழக்கினார். ஹாலிவிக் முறை இன்று பல நாடுகளில் மருத்துவமனைக் குளங்கள்வரை போயிருக்கிறது.

வங்கதேசத்தில் வேறொரு வழி பிடித்தார்கள். வீட்டுக்கு வீடு குட்டை இருக்கும் கிராமங்களில், குட்டைக்குள் மூங்கிலால் தளம் கட்டி, பக்கத்தில் மூங்கில் வேலி அடைத்து, 4 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 'ஸ்விம்சேஃப்' திட்டத்தில் சொல்லித்தருகிறார்கள். உடலுக்கு மிதப்பைக் கூட்டுவதற்குப் பதில் தண்ணீரின் ஆழத்தைக் குறைத்துவிட்டார்கள். குழந்தைக்குத் தன் எடையும் தண்ணீரின் தாங்கலும் கலப்படமில்லாமல் தெரிகின்றன. பயந்தால் காலூன்ற மூங்கில் இருக்கிறது. 25 மீட்டர் நீந்தவும் 30 வினாடி மிதக்கவும் முடிந்தால் தேர்ச்சி. பழகிய குழந்தைகள் மூழ்கி இறப்பது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் ஏரி, குளம் இருக்கும் ஊராட்சிகளில் ஒன்றாவது இதைச் செய்து பார்க்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது.

நம் கிணற்றில் தளம் கட்ட முடியாது. நாற்பதடி ஆழத்தில் கேன்தான் துணை. அப்படியானால் அதைக் குறைக்கத் தெரிய வேண்டும். கேன் கேட்ட அளவுதான் தூக்கும் என்பதால் 5 லிட்டருக்குப் பதில் 4 லிட்டர் கட்டினால் பழகிய குழந்தைக்கு வித்தியாசமே தெரியாது. அதன் தேவைக்கும் கீழே போகும்போதுதான் தெரியும். கேனில் தண்ணீர் மட்டம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே நிலையாக நிற்கத் தொடங்கினால் 2 லிட்டர் கேனுக்கு மாற்றலாம். அதுவும் வெளியே மிதந்தால் ஒரு லிட்டர் பாட்டில். நகரத்து முதுகு மிதவைகளில் நுரைத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் வசதி இதற்காகவே இருக்கிறது. லாரி டியூபில் காற்றைக் குறைப்பதும் அதே தந்திரம். ஒரே கேனை மாதக்கணக்கில் கட்டியே வைத்திருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று அவிழ்ப்பதுதான் குழந்தையை மறுபடி முதல் நாள் அலறலுக்குக் கொண்டுபோகிறது.

அவிழ்த்த பிறகு முதலில் தடுமாறுவது மூச்சு. கேன் இருந்தபோது அரை லிட்டர் காற்றை வெளியே விட்டால் கேன் கூடுதலாக அரை லிட்டர் அமிழ்ந்து அந்த இழப்பை ஈடுகட்டிவிடும்; உடல் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கியிருக்காது. கேன் இல்லாமல் தலை மட்டும் வெளியே நிற்கும் உடல் அதே மூச்சுக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இறங்கும். வாய் தண்ணீருக்குள் போக அது போதும். அதனால் குழந்தை மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாலு வீச்சு வேகமாக நீந்திப் படியைப் பிடிக்கும். நீந்திவிட்டான் என்று கைதட்டி விட்டுவிடாமல், படியைப் பிடித்தபடியே முகத்தை உள்ளே வைத்துக் குமிழி விடச் சொல்ல வேண்டும். பிறகு முகத்தைத் திருப்பி மூச்சு இழுக்கச் சொல்ல வேண்டும். கேன் கட்டியிருக்கும் நாட்களிலேயே இதைத் தொடங்கிவிட்டால் அவிழ்க்கும் நாளில் பாதி வேலை முடிந்திருக்கும். கிணற்றில் இப்படி மூச்சுப் பழகிய குழந்தை பின்னால் ராமேஸ்வரத்திலோ கன்னியாகுமரியிலோ பெரியவர் கையைப் பிடித்துக் கடலில் இறங்கும்போது, அந்த உப்புத் தண்ணீர் அதற்குக் கூடுதலாக அரைக் கிலோ தாங்கல் தரும்.